பேசாமல் அறுத்த கொடி

செல்லி சாணிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிற வழியில்தான் புருஷனின் அக்கா சாந்தம்மாள் எதிரே வந்தாள். பொழுது இன்னும் மலையைத் தாண்டவில்லை. புரட்டாசிப் பனி சாமைக் கதிரையெல்லாம் நனைத்து வைத்திருந்தது. சாந்தம்மாளின் சேலை முழங்கால்வரை ஈரம். மடியை இறுக்கிக் கட்டியிருந்தாள், அதில் ஏதோ கனமாகத் தொங்கியது.

"இன்னா அண்ணி, இந்நேரத்துக்கு..." என்று ஆரம்பித்த செல்லி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாந்தம்மாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. செல்லி தடத்தை விட்டு இறங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அண்ணி போகட்டும் என்று நின்றாள். கால் சத்தம் தேய்ந்த பிறகுதான் மறுபடி நடந்தாள்.

புளியங்கொட்டாய் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காட்டில் மருந்து அறுக்கப் போனவர்கள், அறுத்ததை வீடு சேர்க்கிறவரைக்கும், பிறகு அதைக் காய்ச்சி எடுத்துப்போய் நோயாளியின் வயிற்றுக்குள் சேர்க்கிறவரைக்கும் வாய் திறக்கக் கூடாது. எதிரில் வருகிறவர்கள் கூப்பிடக் கூடாது. என்ன மருந்து, யாருக்கு என்று விசாரிக்கக் கூடாது. குடிக்கிறவனும் கேட்கக் கூடாது. பேர் சொன்ன மருந்து பலிக்காது. மற்ற நேரத்தில் இந்த ஊர்க்காரர்களின் வாய்க்குப் பூட்டுப் போட எந்தச் சாமியாலும் ஆகாது. குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றால் காது புளித்துப்போகும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அத்தனை பேரும் கட்டுப்பட்டார்கள்.

சாந்தம்மாளின் மருமகள் கோகிலவாணி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். பேறுகாலத்துக்காரிக்கு ஏதோ கொண்டு போகிறாள் என்று செல்லி நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு மறந்தும் போனாள். அவளுக்கு வீட்டில் வேலை கழுத்துவரை இருந்தது.

செல்லியின் புருஷன் அருணகிரி புளி உலுக்குகிறவன். புதூர்நாட்டுப் பக்கம் எத்தனை உயரமான மரமாக இருந்தாலும், நுனிக்கிளையில் நின்று காலாலேயே உலுக்கிவிட்டு இறங்குவான். அவன் மரத்தில் நிற்பதைக் கீழிருந்து பார்க்கிறவர்கள்தான் இறங்கு, இறங்கு என்று கத்துவார்கள். அப்படிப்பட்டவனுக்குக் கால் வீங்கி, முகம் ஊதி, சோற்றைப் பார்த்தாலே குமட்டல் வந்தபோது, திருப்பத்தூரில் ரத்தம் சோதித்துவிட்டு, இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அதன் பிறகு வாரா வாரம் ஜீப்பில் மலை இறங்கி, ரத்தம் கழுவி, பிழிந்த துணிபோல் ஆகித் திரும்பி வந்தான்.

செல்லி தன் கிட்னியைத் தருகிறேன் என்று முன்னால் போய் நின்றாள். அவள் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. அவன் அக்கா சாந்தம்மாளின் ரத்தம் சேர்ந்தது. அடுப்படியில் இருக்கும் இரண்டு சட்டியில் ஒன்றைக் கொடுத்தனுப்புகிற மாதிரி, "எங்கிட்டத்தான் ரெண்டு இருக்குதே, ஒண்ண எடுத்துக்குனு போங்க" என்று சொன்னாள். அவள் புருஷன் இல்லாதவள். மகன் ராஜ்குமார் ஜீப் ஓட்டுகிறவன். அவன்தான் முதலில் கத்தினான், பிறகு அழுதான், கடைசியில் அம்மாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அவனே ஓட்டிக்கொண்டும் போனான்.

ஆப்பரேஷன் முடிந்து ஊருக்கு அனுப்புகிற அன்றைக்கு, டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசியது. வயதில் சின்னப் பெண். பொறுமையான பெண்.

"உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்னு வெச்சிக்கோங்க. வெளி ஆள் யார் வந்தாலும் அடிச்சித் துரத்துவான். இந்தக் கிட்னியும் அவனுக்கு வெளி ஆள்தான். அதனால மாத்திரை குடுத்து அவனைத் தூங்க வெச்சிருக்கோம். மாத்திரைய ஒரு வேளை கூட விடக் கூடாது. நாட்டு மருந்து, வேர், லேகியம், சத்துப்பொடி, எதுவும் கூடாது. அவன் முழிச்சிக்கிட்டான்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

செல்லி தலையாட்டினாள். சாந்தம்மாளும் தலையாட்டினாள். ஆனால் ஜீப் ஏலகிரியைக் கடந்து மலைத் திருப்பத்தில் ஏறும்போது, அவளுக்கு அது தொண்டையில் நின்றுகொண்டே வந்தது.

"அந்தப் பொண்ணு இன்னா அப்புடிச் சொல்லிடுச்சி? எங் கிட்னி எப்புடி இவனுக்கு வெளி ஆளாவும்? ஒரே வயித்துல பொறந்தோம். எங்கம்மா காட்டுக்குப் போனா நாந்தான இவன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சேன்?"

"அது புரியறதுக்காகச் சொல்றது அக்கா," என்றான் அருணகிரி.

"வேற எதையாச்சும் சொல்லட்டும். வெளி ஆளுன்னு சொல்லக் கூடாது."

அவளுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. உடம்பை அறுத்துக் கொடுத்தவளிடம் அது வெளி ஆள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. அருணகிரி மரம் ஏறவில்லை, ஏறக் கூடாது. கீழே உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்தான், கொள்ளுக்குக் காவல் இருந்தான். வெளியே போனால் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டான். செல்லி தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தாள். களி கிண்டினாலும், சாமைச்சோறு வடித்தாலும், உப்பைக் கிள்ளித்தான் போட்டாள். மத்தியானக் கஞ்சி மட்டும் சாந்தம்மாள் வீட்டிலிருந்து வரும். செல்லி காட்டு வேலையில் இருப்பாள் என்பதால் அந்த ஏற்பாடு. ஈயத்தூக்கில் கொண்டுவந்து, தம்பி குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவள் இடுப்பில் கை வைத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே பார்ப்பதைக் கண்டு ஊரில் சிலர் சிரித்ததும் உண்டு.

ஆவணியில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுச் சரியானது. ஆனால் அதன்பின் ஆள் சோர்ந்து போனான். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுணங்கினான். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் தேறிவிடும் என்றது. சாந்தம்மாளுக்கு அந்தக் கொஞ்ச நாளைப் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தாண்டவராயன் மலைக்கு வந்தான். வாணியம்பாடிப் பக்கத்து வியாபாரி. முன்னெல்லாம் கடுக்காயும் புளியும் மட்டும் வாங்கிப் போகிறவன், கொரோனா வந்து போனதிலிருந்து சீந்தில் கொடி இருக்கிறதா, அமுக்கராக் கிழங்கு இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தான். இப்போது மரக்காளானும் வேண்டும் என்றான். பட்டுப்போன மரத்தின் அடியில் தட்டு மாதிரி முளைக்குமே, மேலே எண்ணெய் பூசினதுபோல் செம்மண் நிறத்தில் மின்னிக்கொண்டு, கட்டையாட்டம் கெட்டியாக, அது. அதை இதுவரை ஆடுகூட மோந்து பார்த்ததில்லை.

பாறை மேல் சீந்தில் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அவன் செல்போனை நீட்டினான்.

"பாருங்க. இந்தக் காளானத்தான் பொடி பண்ணி டப்பாவுல போட்டு விக்கறான். காபியில கலந்து குடிக்கறான் வெள்ளக்காரன்."

"கட்டையையா குடிக்கறான்?" என்று சின்னக்குழந்தை சிரித்தாள். பேர்தான் சின்னக்குழந்தை, பேரன் எடுத்தவள்.

"சிரிக்காதீங்க. ரீஷின்னு பேரு. மனசுல பாரம் இருந்தா எறக்கும், தூக்கம் வரும், அசதி போவும். உங்க சீந்திலும் அமுக்கராவும் செய்யறது அதே வேலதான். ஆராய்ச்சி பண்ணிக்கினே இருக்கறாங்க."

"பாரம் எறக்கணும்னா எங்கள மாதிரி வெறகு தூக்கச் சொல்லு, படுத்தா தூக்கம் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். சாந்தம்மாள் சிரிக்கவில்லை. துண்டுகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏம்பா, ஆப்பரேசன் பண்ணி சோந்து போன ஆளுக்கு ஆவுமா?"

"அதுக்குத்தாங்கா முக்கியமா. ஒடம்புல எதிர்ப்பு சக்தி தூங்கிக்கினு இருந்தா தட்டி எழுப்பிடும்."

"கிட்னிக்கு?"

"எல்லாத்துக்கும்தாங்கா."

தாண்டவராயன் பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னவன் இல்லை. அவனுக்கு மேலே வாங்குகிறவன் அனுப்பியதை அப்படியே ஒப்பித்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவளின் இடுப்பில் தழும்பு இருப்பது அவனுக்குத் தெரியாது. தூங்கவைத்திருக்கிறோம் என்று டாக்டரம்மா சொன்னதும், தட்டி எழுப்பும் என்று இவன் சொன்னதும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்று சாந்தம்மாளுக்கும் தோன்றவில்லை. அவள் காதில் விழுந்தது வேறு. மலையில் வேலியோரம் படர்ந்து கிடப்பதை ஊர் உலகமே தேடி வாங்கித் தின்கிறது, என் தம்பி மட்டும் மாத்திரையைத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடக்கிறான். அதுதான் அவள் காதில் விழுந்தது.

நாட்டு மருந்து கூடாது என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. கஞ்சியில் போடுவது சாப்பாடுதானே, மருந்தாகுமா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதோடு யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் பேர் சொல்ல வேண்டும்.

பொழுது விடிவதற்கு முன்னால் போய், வேப்பமரத்தில் ஏறின சீந்திலைப் பார்த்து அறுத்தாள். மடியில் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். காளானை நறுக்கிச் சேர்த்து, சுண்டக் காய்ச்சி, கஞ்சியில் ஊற்றினாள். ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தடத்தில் செல்லியும் வழிவிட்டாள்.

முதலில் அருணகிரிக்குப் பசி எடுத்தது போலத்தான் இருந்தது. சாமை அறுப்பு தொடங்கிய நேரம். களத்தில் வந்து உட்கார்ந்து, அறுத்துக் கட்டிய கட்டுகளை எண்ணிக்கொண்டு, செல்லியைக் கேலி செய்தான். "இந்த வேகத்துல அறுத்தீன்னா மயிலுதான் முழுசா தின்னும்." செல்லிக்குச் சந்தோஷத்தில் கை வேகம் எடுத்தது. சாந்தம்மாள் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் கொடியை இன்னும் கூடுதலாக அறுத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது அவன் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஒன்றுக்குப் போவது குறைந்தது. செல்லிக்கு அந்தக் குழியைப் பார்த்ததுமே பழையதெல்லாம் கண்ணில் வந்து நின்றுவிட்டது. ராஜ்குமார் மழையோடு ஜீப்பை எடுத்தான். பாதை முழுக்க மண் சரிந்து கிடந்தது. சாந்தம்மாளும் ஒரு பையோடு ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா? கைக்கொழந்தக்காரி வூட்டுல தனியா இருக்கறா," என்றான் ராஜ்குமார்.

"நான் இல்லாம அவன் கஞ்சி குடிக்க மாட்டான்," என்றாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி வடிகட்ட வேண்டிய உப்பு ரத்தத்தில் ஏறிக்கிடக்கிறது என்றார்கள். மறுநாள் இன்னும் ஏறியது. டாக்டரம்மா செல்லியைத் தனியாகக் கூப்பிட்டது.

"மாத்திரை ஒழுங்கா போட்டாரா?"

"நாந்தாங்க எடுத்துக் குடுப்பேன். ஒரு வேள தவறல."

"வேற ஏதாவது? நாட்டு மருந்து, கஷாயம்? யோசிச்சிச் சொல்லுங்க. திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மாதிரி பாக்க முடியும்."

"எங்க காளியாத்தா மேல சத்தியமா ஒண்ணும் குடுக்கலீங்க."

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்து, நம்பி, போனது. நம்புகிற மாதிரிதான் செல்லியின் முகமும் இருந்தது.

மறுநாள் காலையில் செல்லி வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நடையின் அந்தக் கோடியில் சாந்தம்மாள் வருவது தெரிந்தது. வெளியே டீக்கடையில் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கப் போனவள்.

"அண்ணி, இட்லி ஏதாச்சும் கெடச்சிதா?" என்று செல்லி குரல் கொடுத்தாள்.

சாந்தம்மாள் பதில் பேசவில்லை. தலை நிமிரவில்லை. முந்தானையால் பிளாஸ்க்கை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த ஜனக்கூட்டத்துக்குள் யாரையும் பார்க்காமல் வந்தாள். செல்லியின் கால் தானாக ஒதுங்கியது. முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. வழிவிட்டு நின்ற பிறகுதான், தான் எதற்கு வழிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

ஓடிப்போய் முன்னால் மறித்தாள்.

"அண்ணி, இன்னாது அது?"

சாந்தம்மாள் தலையை ஆட்டினாள். கேட்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அன்னிக்குச் சாமக்கொல்லத் தடத்துல மடியில இருந்தது யாருக்கு? கோகிலாவுக்கா? சொல்லுங்க அண்ணி. வாயத் தெறங்க."

சாந்தம்மாள் பக்கவாட்டில் நகர்ந்து போகப் பார்த்தாள். செல்லி பிளாஸ்க்கைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூடி கழன்று கொட்டியது. மஞ்சளும் கறுப்புமான தண்ணீர் தரையில் ஓடியது. அதில் அவள் ஊரிலிருந்து பையில் கொண்டுவந்த கொடித்துண்டுகள் கிடந்தன. அந்தக் கசப்பு வாடை செல்லிக்கு நன்றாகத் தெரிந்த வாடை. அண்ணி வீட்டிலிருந்து வரும் தூக்குப்பாத்திரத்தைக் கழுவும்போதெல்லாம் மோந்த வாடை. வேப்பம்பூ போட்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துக் கழுவியிருந்தாள்.

"பேச வெச்சிட்டியேடி!" சாந்தம்மாள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "கெணத்துல தள்ளிட்டியே எந் தம்பிய. இத்தினி நாளு ஒரு வார்த்த பேசாம கொண்டாந்து ஊத்தனேனே. இனிமே பலிக்காதே!"

செல்லி தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். மேஜை மேல் வைத்தாள். என்ன, எப்போதிருந்து என்று அந்தப் பெண் கேட்டது, சாந்தம்மாளைக் கூட்டிவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டது. சாந்தம்மாள் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இதனாலதான் இப்படின்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாதும்மா," என்றது டாக்டரம்மா. "எதுவுமே சாப்பிடாதவங்களுக்கும் சில சமயம் இப்படி ஆகுது. நல்லா இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் பலன் தரலாம், தராமலும் போகலாம், அது வேற. ஆனா இவர் உடம்புக்கு இது ஆகாது. இப்ப பெரிய மருந்து ஏத்தறோம். பார்ப்போம்."

ஏற்றினார்கள், பார்த்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். செல்லி வார்டுக்கு வெளியே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், சாந்தம்மாள் எதிர்த்தூணில். நடுவில் ராஜ்குமார் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்து, இரண்டையும் ஆறவிட்டு, அவனே கொண்டுபோய்க் கொட்டினான். செய்ய ஒன்றும் இல்லை. சாமை களத்தில் நனைந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு செல்லிக்கு வந்தது. அதற்கும் செய்ய ஒன்றும் இல்லை.

கடைசியில் டாக்டரம்மா வந்து, அந்தக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, இனி பழையபடி ரத்தம் கழுவ வேண்டியதுதான் என்றது. சாந்தம்மாள் எழுந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்குதேம்மா. அத எடுத்துக்கோங்க."

"அத எடுத்தா நீங்க இருக்க மாட்டீங்கம்மா."

"பரவால்ல, எடுத்துக்கோங்க. இப்ப அவனுக்கு எங்கூட்டுக் கஞ்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இருந்து இன்னா பண்ணப்போறேன்?"

டாக்டரம்மா கையை விடுவித்துக்கொள்ளாமலே அவளைத் தூணோரம் கூட்டிப்போய் உட்காரவைத்தது.

அருணகிரியிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் செல்லி நினைத்தாள். ஆனால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அழுகை முந்திக்கொண்டது. அக்கா கஞ்சியில் என்ன போட்டாள் என்பதையெல்லாம் சொல்லிவிட்டாள். அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றான்.

"இன்னா தெரியும்?"

"கசந்துச்சே. மொத நாளே தெரியும், கஞ்சியில மருந்து இருக்குதுன்னு."

"தெரிஞ்சி ஏங்க குடிச்சீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"குடிக்கறவன் கேக்கக் கூடாதே, செல்லி." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அதுவுமில்லாம கிட்னி குடுத்த கையி. அது கஞ்சி குடுத்துட்டு எதிர்ல உக்காந்து பாக்கும்போது, எப்புடி வேணாம்னு சொல்றது?"

செல்லி அவன் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவனைக் கோபிக்கவும் அவளால் முடியவில்லை. தானும் வழிவிட்டவள்தான். பாத்திரத்தைக் கழுவினவளும் தான்தான்.

தைக்கு ஊரில் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிட்டது. நனைந்த சாமையில் பாதி முளைவிட்டுப்போனது, மீதியைக் குத்தி வைத்தார்கள். ராஜ்குமாரின் ஜீப்பில் அருணகிரி பழையபடி மலை இறங்கினான், ஏறினான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து வைத்துவிட்டார்கள். கஞ்சியும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. தாண்டவராயன் வந்து கேட்டபோது பாறையில் சீந்தில் காயவில்லை. சின்னக்குழந்தைதான் அவனுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள். அவன் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புளியை மட்டும் நிறுத்துக்கொண்டு போனான்.

சாந்தம்மாள் அந்தப் பக்கமே வராமல் இருந்தாள். தழும்பைத் தடவிக்கொள்வதையும் விட்டிருந்தாள். செல்லி இரண்டு தரம் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் வாசலில் ஈயத்தூக்கின் சத்தம் கேட்டுச் செல்லி எட்டிப் பார்த்தாள். சாந்தம்மாள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் நிலைப்படியைத் தாண்டவில்லை. தூக்கைக் கீழே வைத்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி, அருணகிரி பார்க்கத் தான் முதலில் குடித்தாள். பிறகு வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"சாம. தண்ணி. உப்புகூடப் போடல. வேற ஒண்ணும் இல்ல தம்பி."

அருணகிரி கையை நீட்டினான். அவனுக்கு அன்றைக்கு உண்டான தண்ணீர்க் கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. செல்லிக்கு அது தெரியும். அவள் தடுக்காமல், ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"சாம. தண்ணி," என்று சாந்தம்மாள் மறுபடியும் சொன்னாள்.